ரோசேசியாவால் தடித்த மூக்குக்கு லேசர் சிகிச்சை: தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முகத்தில் நீண்ட காலம் நீடிக்கும் ரோசேசியா என்னும் அழற்சி, சிலருக்கு மூக்கின் தோலைத் தடிக்கச் செய்து, நுனியையும் பக்கங்களையும் மேடு பள்ளமாக்கிவிடுகிறது. மருத்துவர்கள் இதை ரைனோஃபைமா என்பார்கள். இதற்கு லேசர் நல்ல சிகிச்சை. ஆனால் லேசர் நீக்குவது தடித்துப்போன சதையை மட்டுமே, அடியில் இருக்கும் நோயை அன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை எளிதாக விளங்கும்.

என் மூக்கு சில ஆண்டுகளாகப் பெருத்துக்கொண்டே வருகிறது. இது ரைனோஃபைமாதானா?

இருக்கலாம். வழக்கமாக இது நாற்பது வயதைக் கடந்த ஆண்களிடம், ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்கிறது. முதலில் மூக்கின் நுனியில் எண்ணெய்ப் பசை கூடும். மயிர்த் துளைகள் விரிந்து, சாத்துக்குடித் தோலில் காண்பது போன்ற குழிகள் தெரியும். அழுத்தினால் வெள்ளையாகக் கொழுப்பு வெளிவரும். பிறகு தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து, அவற்றைச் சுற்றி நார்த்திசு சேர்ந்து, மூக்கு உருண்டையாகவோ முடிச்சு முடிச்சாகவோ மாறும். மூக்கின் எலும்பும் குருத்தெலும்பும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். வளர்வது அவற்றின் மேலுள்ள தோல். சிகிச்சை முழுவதும் இந்த உண்மையை நம்பித்தான் நடக்கிறது: மேலே கூடியதைச் செதுக்கினால் உள்ளே பழைய வடிவம் காத்திருக்கிறது.

ஆனால் மெதுவாக, வலியில்லாமல், இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி வளர்வதுதான் இதன் இயல்பு. சில மாதங்களில் வேகமாக வளர்ந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் பெருத்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ, தொட்டதும் இரத்தம் கசிந்தாலோ, வேறு ஏதோ இருக்கிறது என்று கொண்டு உடனே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்தவருக்கும் ரோசேசியா வருமா? அது வெள்ளைக்காரர்களின் நோய் என்று படித்தேனே.

வெளிர் தோல் உடையவர்களிடம் இது அதிகம் என்பது உண்மை. ஆனால் நம்மிடம் இல்லை என்பது உண்மையன்று; நம்மிடம் கண்டறியப்படுவதுதான் குறைவு. பாடப் புத்தகங்கள் விவரிக்கும் கன்னச் சிவப்பு நம் தோல் நிறத்தில் மங்கலாகவே தெரியும். சிலரிடம் அது கருஞ்சிவப்பாக, வெயிலில் கறுத்தது போலத் தோன்றும். ஆகவே கண்ணுக்குத் தெரிவதைவிட நோயாளி சொல்வதற்கு இங்கே மதிப்பு அதிகம். வெயிலில் நின்றாலும், அடுப்பருகே வேலை செய்தாலும், கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட்டாலும் முகம் எரிகிறது, குத்துகிறது, சூடேறுகிறது என்று ஒருவர் சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டும். பருக்களைப் போன்ற கட்டிகள் இருந்தும் சாதாரண முகப்பருவில் காணும் கரும்புள்ளிகள் இல்லை என்பது இன்னொரு தடயம். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பு என்னும் கருவியில் விரிந்த நுண் இரத்தக் குழாய்கள் தெரியும்.

இதில் ஒரு சிக்கலைத் தனியே சொல்ல வேண்டும். முகம் சிவக்கிறது, கறுக்கிறது என்றதும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசும் களிம்புகள் பலவற்றில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் இருக்கின்றன. பூசிய சில நாட்களில் முகம் வெளுத்துத் தெளிந்தது போலத் தெரியும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் விரிந்து, ரோசேசியாவைப் போன்ற நிலையை அதுவே உண்டாக்கும். ஏற்கெனவே ரோசேசியா உள்ளவருக்கு அதை மோசமாக்கும். நிறுத்தினால் முகம் முன்னைவிட எரியும் என்பதால் மீண்டும் அதையே தேடிப் போவார்கள். 2018-இல் இத்தகைய களிம்புகளை மருந்துச்சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டும், ஊர்க் கடைகளில் பழக்கம் முழுவதும் மாறிவிடவில்லை. லேசர் பற்றி யோசிக்கும் முன், வீட்டில் உள்ள எல்லாக் களிம்புக் குழாய்களையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்வது பயனுள்ள செயல்.

குடிப்பழக்கத்தால்தான் மூக்கு இப்படி ஆகிறது என்று ஊரில் பேசுகிறார்கள்.

தவறான பேச்சு. மது முகத்தின் இரத்தக் குழாய்களை விரிப்பதால் ரோசேசியா உள்ளவருக்குச் சிவப்பும் எரிச்சலும் கூடலாம்; ஆனால் வாழ்நாளில் ஒரு சொட்டும் குடிக்காதவர்களுக்கும் மூக்கு தடிக்கிறது. தோலின் நோய் எதிர்ப்பு முறை மிகையாகத் தூண்டப்படுவது, பரம்பரை, வெயில், மயிர்த் துளைகளில் வாழும் டெமோடெக்ஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி பெருகுவது எனப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்து இயங்குகின்றன. சம்பந்தம் பேச வந்த இடத்திலும் வேலை கேட்டுப் போன இடத்திலும் இந்த ஒரு பழிக்காக அவமானப்பட்டவர்கள் பலர். லேசர் கேட்டு வருவோரில் கணிசமானவர்கள் மூச்சுத் திணறலுக்காக வருவதில்லை, இந்தப் பேச்சிலிருந்து தப்பிக்கவே வருகிறார்கள். அதுவும் சிகிச்சை கேட்பதற்கு நியாயமான காரணமே.

எங்கள் பகுதித் தண்ணீரில் ப்ளோரைடு அதிகம். அதனால் இருக்குமோ?

இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் உள்ள மிகையான ப்ளோரைடு பற்களையும் எலும்புகளையும் பாதிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. மூக்கின் தோல் தடிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

வேறு நோய்களும் மூக்கை இப்படி ஆக்குமா? லேசருக்கு முன் என்ன பரிசோதனை தேவை?

இந்தப் பக்கத்தில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான். லேசர் திசுவை ஆவியாக்கிவிடுகிறது. ஆவியானதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க முடியாது. ஆகவே சந்தேகம் எழுந்தால் லேசருக்கு முன்பே சிறு துண்டு சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பயாப்சி என்று மருத்துவமனையில் சொல்வது இதைத்தான். தடித்த மூக்கின் மடிப்புகளுக்குள் தோல் புற்றுநோய், குறிப்பாக அடித்தளச் செல் புற்று, மறைந்திருந்து பின்னர் தெரியவந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இதனால்தான் சில மருத்துவர்கள் பெருத்த பகுதியை முதலில் கத்தியால் சீவி, அந்தச் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, மீதியை லேசரால் செதுக்குகிறார்கள். இது நல்ல வழக்கம்.

நம் நாட்டில் இன்னும் இரண்டு நோய்களை விட்டுவிடக் கூடாது. ஒன்று தொழுநோய். அதன் ஒரு வகையில் உணர்விழந்த தேமல் எதுவும் இல்லாமலேயே முகத் தோல் தடிக்கும். காது மடல் தடிக்கும், புருவ முடி ஓரத்திலிருந்து உதிரும், மூக்கு அடைத்து இரத்தம் கலந்த சளி வரும், கை கால் மரத்துப்போகும். இவற்றில் எது இருந்தாலும் தோல் கீறல் பரிசோதனை செய்ய வேண்டும். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகக் கிடைக்கிறது, முழுமையாகக் குணமாகும். அந்த நோயாளியின் மூக்கை லேசரால் செதுக்கி அனுப்பிவிட்டால், நரம்புகள் சேதமாவதைத் தடுக்கக் கிடைத்த காலம் வீணாகும். மற்றொன்று தோலில் வரும் காசநோய். ஓரிடத்தில் தொடங்கி, நடுவில் தழும்பாகி, ஓரத்தில் மெதுவாகப் பரவும். சார்க்காய்டோசிஸ் என்னும் நோயிலும் மூக்கு நுனி ஊதா கலந்த சிவப்பாகத் தடிக்கும். இவை எல்லாவற்றையும் அனுபவமுள்ள தோல் மருத்துவர் நேரில் பார்த்தும் தொட்டும் பெரும்பாலும் பிரித்தறிந்துவிடுவார்; கைப்பேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்து லேசருக்கு நாள் குறிப்பவரிடம் போக வேண்டாம்.

மாத்திரை, களிம்புகளால் சரியாகாதா?

தொடக்க நிலையில் ஓரளவுக்கு ஆகும். வீக்கமும் கட்டிகளும் இருக்கும் நிலையில் டாக்சிசைக்ளின் மாத்திரையும், மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின், அசெலாயிக் அமிலம் ஆகிய பூச்சு மருந்துகளும் அழற்சியைத் தணிக்கின்றன. சுரப்பிகள் பெருகத் தொடங்கிய நிலையில் குறைந்த அளவு ஐசோட்ரெட்டினாயின் அவற்றைச் சுருக்க உதவும். ஆனால் கருவில் உள்ள குழந்தைக்கு அது கடுமையான ஊனங்களை விளைவிக்கும் என்பதால் கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு மிகுந்த கட்டுப்பாட்டோடுதான் தருவார்கள். நார்த்திசு இறுகி, முடிச்சுகள் திரண்டுவிட்ட பிறகு எந்த மாத்திரையும் அதைக் கரைக்காது. அந்த நிலைக்குத்தான் லேசரோ கத்தியோ தேவைப்படுகிறது.

லேசர் உண்மையில் என்ன செய்கிறது?

தடிப்பை நீக்கப் பெரும்பாலும் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். இதன் ஒளி 10,600 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாதது, தண்ணீரால் மிக நன்றாக உறிஞ்சப்படுவது. தோலில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், கதிர் பட்ட கணத்தில் அந்த மெல்லிய அடுக்கு ஆவியாகிவிடுகிறது. கூடவே பரவும் வெப்பம் சிறு இரத்தக் குழாய்களை அடைத்துவிடுவதால் இரத்தம் அதிகம் கசியாது. மூக்குத் தோலில் இரத்த ஓட்டம் மிகுதி. அங்கே கசிவில்லாமல், வடிவம் தெளிவாகத் தெரிய வேலை செய்ய முடிவதே இந்த லேசரின் பெரிய வசதி. இந்த வகை லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் பிறந்த குமார் படேல். மூக்குத் தடிப்புக்கு அதைப் பயன்படுத்திய முன்னோடி அறிக்கை ஒன்று 1980-இல் வெளியானது. ஆகவே இது நேற்று வந்த புதுமை இல்லை.

எர்பியம் யாக் என்னும் இன்னொரு லேசர் 2,940 நானோமீட்டரில் இயங்குகிறது. அதைத் தண்ணீர் இன்னும் பல மடங்கு வலுவாக உறிஞ்சுவதால் பக்கத்துத் திசுவுக்குப் பரவும் வெப்பம் குறைவு, ஆறுவது விரைவு. ஆனால் அதே காரணத்தால் இரத்தக் கசிவு கூடுதல். பெரிய தடிப்புக்கு முதலாவதும், மெலிதான மேடுகளைச் சமன்செய்ய இரண்டாவதும் பொருந்தும் என்பது பொதுவான கணக்கு.

விளம்பரங்களில் பல லேசர்களின் பெயர்கள் வருகின்றன. எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, இங்கேதான் பணம் வீணாகிறது. பல்ஸ்டு டை லேசரும் 532 நானோமீட்டர் கேடிபி லேசரும் இரத்தத்தின் சிவப்பு நிறமியை இலக்காகக் கொண்டவை. அவை சிவப்பையும் தெரியும் குழாய்களையும் குறைக்கும். தடித்த சதையைச் செதுக்காது. தவிர, நம் தோலின் கருநிறமியும் அந்த ஒளியை உறிஞ்சுவதால் கொப்புளமும் கருந்திட்டும் வரும் வாய்ப்பு நமக்கு அதிகம். முடி நீக்கும் லேசரும் முகப்பொலிவு லேசரும் இந்த வேலைக்கு உரியவை அல்ல. புள்ளி புள்ளியாகச் சுடும் பகுப்பு வகை கார்பன் டை ஆக்சைடு லேசர் ஆரம்ப நிலைத் தடிப்புக்கு ஓரளவு உதவலாம்; திரண்ட முடிச்சுக்குப் போதாது. எந்த லேசர், எதற்காக என்ற இரண்டு கேள்விகளுக்கும் நேரான விடை தராத நிலையத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

எவ்வளவு ஆழத்துக்குச் செதுக்குவார்கள்? ஒரே தடவையில் முடியுமா?

நடுத்தரத் தடிப்பு ஒரே அமர்வில் முடிந்துவிடும். மிகப் பெரியது என்றாலோ, வடிவம் திருத்த வேண்டியிருந்தாலோ இரண்டாவது அமர்வு தேவைப்படலாம்.

ஆழம்தான் இந்தச் சிகிச்சையின் உயிர்நிலை. மூக்கில் செதுக்கிய இடத்தைத் தைப்பதும் இல்லை, பெரும்பாலும் வேறிடத்துத் தோலை ஒட்டுவதும் இல்லை. தோல் தானாகவே வளர்ந்து மூட வேண்டும். அந்தப் புதுத் தோல் முளைப்பது எண்ணெய்ச் சுரப்பிகளின், மயிர்க்கால்களின் அடிப்பகுதியில் எஞ்சியிருக்கும் செல்களிலிருந்து. ஆகவே சுரப்பிகளை முழுவதும் வழித்துவிட்டால் முளைப்பதற்கு எதுவும் இருக்காது. அந்த இடம் வெளுத்த, பளபளப்பான தழும்பாகத்தான் மூடும். இன்னும் ஆழமாகப் போய்க் குருத்தெலும்பு வெளிப்பட்டால், அது அழுகவோ மூக்கின் ஓரம் மேலிழுத்துக்கொள்ளவோ நேரும். மூக்கு இறக்கைகளின் விளிம்பில் தோல் மெலிதாக இருப்பதால் அங்கே இந்த அபாயம் கூடுதல்.

அனுபவமுள்ளவர் ஒவ்வொரு அடுக்கும் நீங்கிய பிறகு திசுவை மெல்ல அழுத்திப் பார்ப்பார். துளைகளிலிருந்து கொழுப்பு வெளிவந்தால் சுரப்பிகள் இன்னும் இருக்கின்றன என்று பொருள். அது குறையத் தொடங்கியதும் நிறுத்திக்கொள்வார். தடிப்பு தொடங்கும் முன்பு எடுத்த பழைய புகைப்படம் இருந்தால், ரேஷன் அட்டைக்கு எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை, கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த வடிவத்தை நோக்கிச் செதுக்க வேண்டும் என்பதற்கு அது வழிகாட்டும். கொஞ்சம் குறைவாகச் செதுக்கி நிறுத்துவதே, முக்கியமாக நம் தோலுக்கு, நல்லது. மிச்சத்தைப் பிறகு எடுக்கலாம். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

கத்தியாலோ மின்கருவியாலோ செய்தால் ஆகாதா? லேசர்தான் வேண்டுமா?

ஆகும். கத்தியால் சீவுவது, சூடான மின்வளையத்தால் வழிப்பது, ரேடியோ அலைக் கருவி, சுழலும் தேய்ப்பான் என எல்லாமே பல ஆண்டுகளாகப் பயன்படுகின்றன. கைதேர்ந்தவரிடம் இறுதித் தோற்றத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. லேசருக்கு உள்ள சிறப்பு இரத்தமின்மையும் நுட்பமான கட்டுப்பாடும். குறை, செலவும் நேரமும். ரேடியோ அலைக் கருவி பல ஊர்களில் கிடைக்கிறது, செலவும் குறைவு. கருவியைவிட அதைப் பிடித்திருக்கும் கையே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதால், பழகிய மருத்துவர் ரேடியோ அலையால் செய்கிறேன் என்றால் லேசருக்காக அவரை விட்டுப் போகத் தேவையில்லை.

வலிக்குமா?

மூக்கைச் சுற்றியுள்ள நரம்புகளில் மரத்துப்போகும் ஊசி போடும்போது வலிக்கும். அதன் பிறகு வலி தெரியாது. மிகப் பெரிய தடிப்புக்கு முழு மயக்கம் கொடுப்பதுண்டு. கண்களை உலோகக் கவசத்தால் மூடுவார்கள், ஈரத்துணி சுற்றுவார்கள், புகையை உறிஞ்சும் குழாய் வைப்பார்கள். கருகும் வாடை வரும்; அது எதிர்பார்க்க வேண்டியதே.

சிகிச்சைக்கு முன் நான் என்ன சொல்ல வேண்டும், என்ன செய்ய வேண்டும்?

ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டிருந்தால் எப்போது நிறுத்தினீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மருந்து சுரப்பிகளைச் சுருக்குவதால் புதுத் தோல் முளைப்பது பாதிக்கப்படலாம் என்று, நிறுத்தி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்கச் சொல்வது வழக்கம். வேறு சில தோல் சிகிச்சைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டாலும், தோலை முழுவதுமாகச் செதுக்கும் லேசருக்கு இன்னும் எச்சரிக்கை நீடிக்கிறது. இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர் அதைச் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. மூக்கில் கசியும் இரத்தத்தைவிட அடைபடும் இதயக் குழாய் கொடியது. வாயோரத்தில் அக்கிக் கொப்புளம் அடிக்கடி வருபவருக்கு முன்கூட்டியே அசைக்ளோவிர் வகை மாத்திரை தருவார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பீடி, சிகரெட் புகைப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே விட்டால் புண் நன்றாக ஆறும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு குடும்பத்தில் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

எப்போது செய்துகொள்வது என்பதில் நம் பகுதிக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. கிருஷ்ணகிரியில் மா அறுவடை நடக்கும் வைகாசி, ஆனி மாதங்களில் தோட்டத்துக்காரரால் வெயிலைத் தவிர்க்க முடியாது. கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் வெயிலும் தணிந்திருக்கும், வியர்வையும் குறைவு. முடிந்தால் அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓசூர், தளி பக்கம் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று நினைப்பவர்கள், காற்று குளிர்ந்தாலும் புற ஊதாக் கதிர் குறைவதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பசுமைக்குடிலில் ரோஜா பறிப்பவர்களும், கிரானைட் பட்டறையில் வேலை செய்பவர்களும், செங்கல் சூளையில் இருப்பவர்களும் வெப்பத்திலும் தூசியிலும் உடனே இறங்க முடியாது. மூன்று வாரம் வேறு ஏற்பாடு செய்துவிட்டு வருவது நல்லது.

ஆறுவதற்கு எவ்வளவு நாள்? வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதல் சில நாட்கள் மூக்கு சிவந்து, வீங்கி, நீர் வடியும். பொதுவாகப் பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் புதுத் தோல் மூடிவிடும். இளஞ்சிவப்பு நிறம் மேலும் சில மாதங்கள் இருக்கும். இந்த நாட்களில் புண்ணைக் காயவிடக் கூடாது. மருத்துவர் சொன்னபடி உப்பு நீரால் மெதுவாகத் துடைத்து, வாஸ்லினோ கொடுத்த களிம்போ எப்போதும் மேலே இருக்குமாறு பூசி வர வேண்டும். பொருக்கைப் பிய்க்கக் கூடாது.

மஞ்சள், சந்தனம், கற்றாழைச் சாறு, வேப்பிலை அரைத்த விழுது எதையும் திறந்த புண்ணில் வைக்க வேண்டாம். அம்மாவோ பாட்டியோ அக்கறையோடு அரைத்துக் கொடுப்பார்கள். ஆனால் அம்மியும் இலையும் கொண்டுவரும் கிருமி புதுத் தோலைக் கெடுத்து ஆழத் தழும்பாக்கிவிடும். தோல் மூடிய பிறகு, வெளியே போகும்போதெல்லாம் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத வெயில் தடுப்புப் பூச்சும், அகலமான விளிம்புள்ள தொப்பியும் அல்லது தலைத்துண்டும் தேவை. தலைக்கவசத்தின் கண்ணாடியும் முகக்கவசமும் மூக்கில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலி நாளுக்கு நாள் கூடினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள் கிளம்பினாலோ அடுத்த மறுபார்வை நாளுக்குக் காத்திராமல் அன்றே போக வேண்டும்.

மூக்கின் நிறம் மாறிவிடுமா?

மாறலாம், இதை முன்கூட்டியே ஒத்துக்கொண்டுதான் சிகிச்சைக்கு வர வேண்டும். மாநிறத்திலும் கறுப்பிலும் இரண்டு வகை மாற்றம் நிகழும். முதலாவது, ஆறிய சில வாரங்களில் வரும் கருமை. இது பெரும்பாலும் தற்காலிகமானது. வெயில் தடுப்பும், மருத்துவர் தரும் நிறம் குறைக்கும் பூச்சும் சில மாதங்களில் அதை மங்கச் செய்யும். இரண்டாவது, பல மாதங்களுக்குப் பின் தெரியும் வெளுப்பு. ஆழமாகச் செதுக்கிய இடத்தில் நிறமிச் செல்கள் குறைந்துவிடுவதால் வரும் இது நிரந்தரமாகலாம். வெளிர் தோலில் இது கண்ணில் படாமல் போய்விடும். நம் முகத்தில் மூக்கு மட்டும் வெளுத்திருந்தால் உடனே தெரியும். எடுத்துக்காட்டாக மருத்துவர் காட்டும் முன்–பின் படங்கள் வெள்ளையர்களுடையவையாக இருந்தால், நம் நிறத்தவரின் படங்களைக் கேட்டுப் பாருங்கள்.

பெண்களுக்கு வருமா?

ரோசேசியா பெண்களுக்கு அதிகம் வருகிறது. மூக்குத் தடிப்பு அவர்களுக்கு அரிது. வந்தால் சிகிச்சை ஒன்றே.

மறுபடியும் வளருமா?

வளரலாம், ஆனால் பெரும்பாலும் மெதுவாகத்தான். அடியிலுள்ள ரோசேசியா கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் எஞ்சிய சுரப்பிகள் மீண்டும் பெருக்கும். எனவே லேசருக்குப் பிறகும் பூச்சு மருந்தும் வெயில் தடுப்பும் தொடர வேண்டும். எந்த உணவு தனக்கு ஒத்துவரவில்லை என்பதை அவரவரே கவனித்து அறிய வேண்டும். களி ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். கேழ்வரகில் குற்றமில்லை, உருண்டை பிடித்ததும் ஆவி பறக்கச் சாப்பிடும் அந்தச் சூடும், கூட வரும் காரக் குழம்பும்தான் சிலருக்கு முகத்தைச் சிவக்க வைக்கின்றன. கொஞ்சம் ஆறவைத்துச் சாப்பிட்டால் போதும். டீயும் அப்படித்தான்.

கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தலோ, இமையோர வீக்கமோ, சிவப்போ இருந்தால் ரோசேசியா கண்ணையும் பிடித்திருக்கலாம். மூக்கைச் செதுக்கியதால் அது சரியாகாது. கண் மருத்துவரைத் தனியே பார்க்க வேண்டும்.

எங்கே போய்ப் பார்ப்பது? காப்பீடு உண்டா?

முதல் பரிசோதனைக்கு வெளியூர் போகத் தேவையில்லை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 2022-இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவுக்குச் சென்று, நோய் இன்னதென்று உறுதிசெய்துகொண்டு, தேவையானால் பயாப்சியும் முடித்து, அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செதுக்கும் சிகிச்சைக்கு வேறிடம் பரிந்துரைத்தால், தருமபுரிக்காரருக்குச் சேலமும், ஓசூர்க்காரருக்குப் பெங்களூரும், பர்கூர், ஊத்தங்கரைப் பக்கத்தவருக்கு வேலூரும் எட்டும் தூரத்தில் உள்ளன. தோல் மருத்துவர், பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆகிய மூவரில் யாரும் இதைச் செய்யலாம். இதே சிகிச்சையை இதற்கு முன் நம் நிறத்தவருக்குச் செய்திருக்கிறாரா, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவாரா, ஆறும்வரை மறுபார்வை யார் பார்ப்பார் என்று கேளுங்கள். மறுபார்வைக்கு ஒவ்வொரு முறையும் பேருந்தில் பல மணி நேரம் போய்வர வேண்டிய இடத்தைவிட, அருகில் இருப்பது பல சமயம் மேல்.

அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்குக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. ஆனால் தடித்த சதை மூக்குத் துவாரத்தை அடைத்து மூச்சுக்கு இடைஞ்சல் செய்தாலோ, புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தாலோ அது அழகுச் சிகிச்சை ஆகாது. அந்தக் காரணத்தை மருத்துவர் கைப்பட எழுதி வாங்கிக்கொண்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பிரிவிலோ தனியார் காப்பீட்டு நிறுவனத்திலோ சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். பணம் கட்டிய பிறகு கேட்டால் பெரும்பாலும் திரும்பாது.

அப்பாவுக்கு எழுபது வயதாகிறது. "இந்த வயசுல எதுக்கு, இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்கிறார். வற்புறுத்தலாமா?

வேண்டாம். ரைனோஃபைமா உயிருக்கு ஆபத்தில்லாதது. செதுக்காமல் விடுவதும் முறையான ஒரு முடிவுதான். அவர் மூச்சு விடுவதில் சிரமப்படுகிறாரா, மூக்குக் கண்ணாடி நிற்காமல் வழுக்குகிறதா, மடிப்புகளில் அழுக்குத் தேங்கி நாற்றமும் புண்ணும் வருகிறதா என்று மட்டும் கேளுங்கள். எதுவும் இல்லை என்றால் லேசர் பேச்சை விட்டுவிட்டு, நோய் இன்னதென்று உறுதிசெய்ய ஒருமுறை மட்டும் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு அவர் பெரும்பாலும் சம்மதிப்பார். அதன் பிறகு வீட்டில் யாராவது மாதத்துக்கு ஒருமுறை பகல் வெளிச்சத்தில் அவர் மூக்கை நன்றாகப் பார்த்து, புதிய புண்ணோ, ஒரு பக்கத்து வளர்ச்சியோ தெரிந்தால் மறுபடி அழைத்துப் போனால் போதும்.